மறு: ஆலிவ் பிண்ணாக்கு? செரித்தல்?

> "ஆலிவ் பிண்ணாக்கைக் காற்றில்லாச் செரித்தல் வழியே வேதிப்பொருளாக்குதல்" என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

ஐயா, வணக்கம்.

இரண்டு சொல்லுமே இடறுகிறது. பிண்ணாக்கு என்றால் கையால் உடைக்கக்கூடிய உலர்ந்த கட்டிதான் கண்முன் வரும். எண்ணெய் ஆலையில் ஆலிவ் பிழிந்தபின் மிஞ்சும் இதுவோ 60–70 விழுக்காடு நீர் உள்ள சேறு. முன்பு ஆலையில் எண்ணெய், கழிவுநீர், சக்கை என மூன்றும் தனித்தனியாக வரும். 1990களில் ஸ்பெயின் ஆலைகள் இருபிரிப்பு முறைக்கு மாறியபின் நீரும் சக்கையும் ஒன்றாகவே வெளியேறுகின்றன. அவர்களும் கழிவுநீரைக் குறிக்கும் 'அல்பெச்சின்', சக்கையைக் குறிக்கும் 'ஒருஹோ' இரண்டையும் ஒட்டி 'அல்பெருஹோ' என்று புதுச்சொல் செய்துகொண்டார்கள். 'ஈரச்சக்கை' எனலாமே. விவிலியத் தமிழின் 'ஒலிவ' இருக்க 'ஆலிவ்' எதற்கு என்றும் கேட்பேன், ஆனால் அது வேறு சண்டை.

முக்கியமானது 'செரித்தல்'. செரித்தல் என்றால் கடைசிவரை போக வேண்டும்: நீராற்பகுப்பு, அமிலமாக்கம், அசிட்டேட்டாக்கம், முடிவில் மீத்தேன். இங்கே மீத்தேனுக்கு முன்பே வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள். மீத்தேன் நுண்ணுயிர்கள் மெதுவாக வளர்பவை, பிஎச் 7-ஐ ஒட்டியே செழிப்பவை. பிஎச்-ஐ நன்றாக இறக்கினாலோ 9-க்கு மேல் ஏற்றினாலோ, கலனில் தங்கும் நேரத்தைக் குறைத்தாலோ அவை ஒடுங்கிவிடும். ஒலிவத்தின் ஃபீனால்களும் அவற்றுக்கு ஆகாது. சாண எரிவாயுக்காரருக்குத் தலைவலியான அதே ஃபீனால் இங்கே ஓரளவு கூட்டாளி. அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்ரிக் அமிலங்கள் எரிவாயுவாகாமல் தேங்கும். மக்கும் நெகிழியைத் தம் உடலுக்குள் சேர்த்துவைக்கும் பாக்டீரியாக்களுக்கு அவையே தீனி.

என் பரிந்துரை: 'காற்றிலிப் புளிப்பித்தல்'. மாவு பொங்குவதும் புளித்தல், சுவை அமிலமாவதும் புளித்தல். இரண்டையும் ஒரே வினையில் வைத்திருக்கும் மொழியில் 'அமிலமாக்க நொதித்தல்' என்று ஏன் நீட்டி முழக்க வேண்டும்?

---

> 'காற்றிலிப் புளிப்பித்தல்'

அம்மா, பாடநூலில் 'நொதித்தல்' ஊன்றிவிட்டதே. சர்க்கரை சாராயமாவதும் அதில்தான் அடங்கும். மாணவர் குழம்ப மாட்டாரா? மேலும் புளிப்பு என்றால் நல்ல மணத்தை எதிர்பார்ப்பார்கள். பியூட்ரிக் அமிலம் இருக்கும் கலனைத் திறந்தால் காறிப்போன வெண்ணெய் நாற்றம்!

---

ஐயா, நொதித்தலை யாரும் எடுத்துவிடச் சொல்லவில்லை. அது பொதுச்சொல்லாக இருக்கட்டும், அமிலத்தில் முடிவது மட்டும் புளிப்பித்தல். சாராயம் அதில் வராது. நாற்றத்துக்குச் சொல் பொறுப்பல்ல.

'பிண்ணாக்கு' பற்றி ஒரு திருத்தம்: பழைய மூன்று பிரிப்பு ஆலையின் சக்கையில் ஏறக்குறைய பாதிதான் நீர். அதற்கு வெறும் 'சக்கை' போதும். 'ஈரச்சக்கை' இருபிரிப்புக் கழிவுக்கு மட்டுமே.

எனக்கே திருப்தியில்லாதது, அசிட்டிக் முதலிய அந்த அமிலங்களுக்கு வழங்கும் பொதுப்பெயரான 'ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள்'. அசிட்டிக் அமிலத்தில் கொழுப்பு எங்கே இருக்கிறது? 'குறுந்தொடர் அமிலங்கள்' என்று எழுதினால் வேதியியல்காரர்கள் ஒப்புவார்களா?