கொரோலா 110 டைமிங் பெல்ட்: அரைப் பல் வித்தியாசம் பரவாயில்லையா?

வணக்கம் அண்ணாமார். கல்லடியில், வீட்டு முற்றத்திலேயே காரின் 5ஏ எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் (கிராங்க், கேம் என்ற இரண்டு தண்டுகளையும் ஒத்துச் சுழலவைக்கும் பல்லுள்ள பட்டி) மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு லட்சம் கிலோமீற்றர் தாண்டிவிட்டது. கழற்றியதோடு கழற்றியதாக கிராங்க் ஒயில் சீலையும் (ஒயில் ஒழுகாமல் தடுக்கும் வளையம்) மாற்றியாயிற்று. பிறகு அது ஒழுகினால் புதுப் பெல்ட்டும் வீண்.

பிரச்சினை இதுதான். கிராங்க் புலி (pulley, பெல்ட் ஓடும் சக்கரம்) குறி 0-இல், கேம் புலித் துளை பெயாரிங் மூடிக் குறிக்கு நேரே வைத்துத்தான் பெல்ட்டைப் போட்டேன். சாவி போடாமல், ரென்ச்சால் வலஞ்சுழியாக இரண்டு சுற்றுச் சுற்றினால் கிராங்க் 0-க்கு வருகிறது, கேம் அரைப் பல் பிந்தி நிற்கிறது. ஒரு முழுப் பல் என்றால் சந்தேகமே இல்லை, கழற்றிவிடுவேன். இந்த அரைதான் குழப்புகிறது. டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிவைக்கும் உருளை) போல்ட்டைத் தளர்த்தி ஸ்பிரிங்கை மறுபடி இழுக்கவிட்டால் சரிவருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், அதுவரை ஸ்டார்ட் பண்ண மாட்டேன். ஆரையம்பதி, காத்தான்குடிப் பக்கம் டோர்க் ரென்ச் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் ரென்ச்) இரவல் தரக்கூடியவர்கள் இருந்தாலும் சொல்லுங்கோ.