68 வயதில் தனியாகக் கிளம்புகிறேன்: சிறு குழுச் சுற்றுலாவை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

வைகறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 68 வயது. கணவர் இருந்தவரை எல்லாப் பயணங்களையும் இருவருமாகவே மேற்கொண்டோம்; பயணச்சீட்டு எடுப்பது முதல் விடுதியில் அறைச் சாவி வாங்குவது வரை அவரே பார்த்துக்கொள்வார். அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஊர் பார்க்கும் ஆசை மட்டும் எனக்குக் குறையவே இல்லை. பெரிய பேருந்தில் நாற்பது ஐம்பது பேருடன் ஏறி, கொடி பிடித்தவர் பின்னால் விரைந்து நடக்க என்னால் முடியாது. முற்றிலும் தனியாகச் செல்லவும் துணிவு வரவில்லை. ஆகவே சிறு குழுவாக அழைத்துச் செல்லும் சுற்றுலா ஒன்றில் சேர எண்ணி, மூன்று நிறுவனங்களின் பயணத் திட்டங்களை வாங்கி வைத்திருக்கிறேன்.

மூன்றிலும் "சிறு குழு", "மிதமான நடை", "நிதானமான பயணம்" என்ற அதே சொற்கள்தான் உள்ளன. ஆனால் ஒன்றில் அதிகபட்சம் 12 பேர், இன்னொன்றில் 16 பேர், மூன்றாவதில் 24 பேர். எது சிறு குழு என்றே எனக்கு விளங்கவில்லை. சமதளத்தில் ஒரு மணி நேரம் தாராளமாக நடப்பேன். படி இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். சிறு சத்தத்துக்கும் விழித்துக்கொள்வேன் என்பதால், முன்பின் அறியாத ஒருவருடன் அறையைப் பகிர்ந்துகொள்ளத் தயக்கமாக இருக்கிறது. தனியறைக்கு அவர்கள் கேட்கும் கூடுதல் கட்டணத்தைப் பார்த்தால் அதற்கும் மனம் ஒப்பவில்லை.

என் பிள்ளைகள் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சை எடுத்தாலே அவர்கள் முகம் மாறிவிடுகிறது. முன்பணம் கட்டுவதற்கு முன் நான் எவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் என்பதை, இப்படிச் சென்று வந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பெட்டிபடுக்கை

வணக்கம் அம்மா. எனக்கு 72 வயது. கடந்த எட்டு ஆண்டுகளில் ஐந்து முறை இப்படித் தனியாகச் சேர்ந்து சென்று வந்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை மட்டும் தவறாகத் தேர்ந்தெடுத்தேன். அதில் கற்றுக்கொண்டதையே முதலில் சொல்கிறேன்.

பதினொரு நாள் பயணத்தில் எட்டு விடுதிகள். திட்டத்தைப் படிக்கும்போது எட்டு ஊர்களைப் பார்க்கப்போகிறோம் என்ற மகிழ்ச்சிதான் இருந்தது. காலை ஆறரை மணிக்குப் பெட்டியை அறைக்கு வெளியே வைக்க வேண்டும் என்றால் ஐந்து மணிக்கே எழ வேண்டும் என்பதும், மாலையில் அடுத்த விடுதியில் அதே பெட்டியைத் திறந்து இரவு மாத்திரையைத் தேட வேண்டும் என்பதும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆறாம் நாள் ஒரு பழைய கோட்டையின் வாசலில் இருந்த கல் இருக்கையில் உட்கார்ந்தேன், எழவே மனமில்லை. மற்றவர்கள் உள்ளே சென்று திரும்பும்வரை அங்கேயே இருந்தேன். நடந்து களைத்த களைப்பு அல்ல அது. நாள்தோறும் பெட்டி கட்டிய களைப்பு.

அதன் பிறகு எந்தத் திட்டம் கைக்கு வந்தாலும், இடங்களின் பெயர்களைப் படிப்பதற்கு முன் ஒரு தாளில் இரவுகளை மட்டும் எழுதிவிடுவேன்: இந்த ஊரில் மூன்று இரவு, இந்த ஊரில் இரண்டு இரவு என்று. ஓர் இரவு மட்டும் தங்கும் ஊர்கள் அடுத்தடுத்து இரண்டுக்கு மேல் வந்தால் அந்தத் திட்டத்தை மூடி வைத்துவிடுவேன்.

அறைக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். விடுதிகள் பெரும்பாலும் ஆளுக்கு அல்லாமல் அறைக்குத்தான் வாடகை வாங்குகின்றன. அச்சிட்ட கட்டணமோ ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கணக்கிட்டது. வராத அந்த இரண்டாவது ஆளின் பங்கைத்தான் நம்மிடம் வாங்குகிறார்கள். சில நிறுவனங்கள் ஒவ்வொரு புறப்பாட்டிலும் ஓரிரு தனியறைகளைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் ஒதுக்குவதுண்டு. பயணிகள் குறைவாக வரும் மாதங்களில் அது கிடைக்க வாய்ப்பு அதிகம். சில நிறுவனங்கள் தனியாக வரும் பெண்ணுக்கு இன்னொரு பெண்ணை அறைத்துணையாகச் சேர்த்துவிடும். துணை கிடைக்காமல் போனால் தனியறைக் கட்டணத்தை நம் தலையில் வைப்பார்களா, தாங்களே ஏற்பார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் கருத்தைக் கேட்டால், உறக்கம் லேசானவர் தனியறைக்கே கொடுத்துவிடுவது நல்லது. பணம் போதாவிட்டால் பயணத்தில் இரண்டு நாளைக் குறைத்துக்கொள்ளலாம். பத்து இரவுகளின் உறக்கத்தை ஈடுகட்ட வழியே இல்லை.

வழிகாட்டியாக இருந்தவன்

அம்மா, நான் 19 ஆண்டுகள் குழுக்களை அழைத்துச் சென்றவன்; இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். "சிறு குழு" என்பதற்கு எல்லோரும் ஏற்கும் வரையறை என்று எதுவும் கிடையாது. ஒரு நிறுவனம் 8 பேரையும், இன்னொன்று 24 பேரையும் அதே சொல்லால் குறிக்கும். எனவே அதிகபட்சம் எத்தனை பேர், இதுவரை எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள், அவர்களில் தனியாக வருபவர்கள் எத்தனை பேர், பொதுவாக எந்த வயதினர் என்று நான்கையும் சேர்த்தே கேளுங்கள். பெயர்களைச் சொல்லமாட்டார்கள், எண்ணிக்கையைச் சொல்வார்கள்.

குழு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நான் கண்டது அப்படி அல்ல. எட்டுப் பேர் குழுவில் மூன்று தம்பதியர் இருந்துவிட்டால், மீதமுள்ள இருவரும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாத இடத்தில், இரவு உணவு மேசை தனியாக வந்தவருக்கு மிகவும் நீண்டதாகத் தெரியும். பன்னிரண்டு முதல் பதினாறு பேர் இருந்தால் பேச்சுத்துணைக்கு யாராவது அமைவார்கள். சிற்றுந்து ஒன்றே போதும். பின்தங்குபவரை வழிகாட்டியின் கண் தவறவிடாது. இருபத்து நான்கு பேர் என்றால் கழிப்பறைக்கு நிறுத்தினாலே அரை மணி நேரம் போய்விடும்.

அடுத்தது "மிதமான நடை". இந்தத் தரநிலைகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொள்கிறது. ஒன்றின் இரண்டாம் நிலை இன்னொன்றின் நான்காம் நிலையாக இருக்கக்கூடும். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, இந்தப் பயணத்திலேயே கடினமான நாள் எது, அன்று எத்தனை மணி நேரம் நடக்க வேண்டும், எத்தனை படிகள், கைப்பிடி உண்டா என்று கேளுங்கள். ஜோர்தானில் உள்ள பெட்ராவை எடுத்துக்கொள்வோம். திட்டத்தில் "பெட்ரா, முழு நாள்" என்று ஒரு வரிதான் இருக்கும். நுழைவாயிலிலிருந்து கருவூலம் எனப்படும் முகப்பு வரை ஏறத்தாழ 2 கிலோமீட்டர், அதில் 1.2 கிலோமீட்டர் சீக் என்னும் குறுகிய மலைப்பிளவு. போகும்போது இறக்கம் என்பதால் எளிதாகத் தோன்றும். களைத்துத் திரும்பும்போது அதே வழி ஏற்றமாக இருக்கும். அதற்கும் அப்பால் இருக்கும் மடாலயத்தைப் பார்க்க 800க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். ஏறியதையெல்லாம் இறங்கவும் வேண்டும் என்பதை, இறக்கத்தில் முழங்கால் வலிக்கும் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கருவூலத்தோடு நிறுத்திக்கொண்டாலும் பெட்ரா நெஞ்சில் நிற்கும். ஆனால் அப்படி நிறுத்திக்கொள்பவர் எங்கே உட்காரலாம், யாருடன் திரும்பலாம் என்பதற்கு அந்த நிறுவனத்திடம் விடை இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் தலையாய கேள்வி இதுதான்: "ஒரு நாள் நான் வரவில்லை, விடுதியிலேயே இருக்கிறேன் என்றால் என்ன ஏற்பாடு?" ஒரே விடுதியில் மறுநாளும் தங்கல் என்றால் சிக்கல் இல்லை. அன்றே ஊர் மாறும் நாளாக இருந்தால், வண்டியிலேயே இருந்துகொள்ள முடியுமா, உள்ளூர் வழிகாட்டியைத் தவிரக் குழுவுடன் முழுப் பயணமும் வரும் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். பொறுப்பாளர் இல்லாமல் ஊருக்கு ஒரு வழிகாட்டி மாறிக்கொண்டே வரும் சுற்றுலாவில், தனியாக வந்த ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் மருத்துவமனையில் உடன் இருக்க ஆள் இருக்காது. இந்தக் கேள்விக்கு, "அப்படியெல்லாம் எதுவும் நடக்காது அம்மா" என்று சிரித்து மழுப்புகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று. போதிய ஆட்கள் சேராவிட்டால் பயணத்தை நிறுத்தும் உரிமையை நிறுவனங்கள் தங்கள் கையில் வைத்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஆறு நாளுக்கு மேற்பட்ட தொகுப்புச் சுற்றுலாவை இக்காரணத்துக்காக நிறுத்தினால், புறப்பாட்டுக்குக் குறைந்தது 20 நாள் முன்பே தெரிவித்து, கட்டிய பணத்தைத் திருப்ப வேண்டும். மற்ற இடங்களில் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் செல்லும். ஆகவே விமானச் சீட்டைத் தாங்களே தனியாக எடுப்பதாக இருந்தால், புறப்பாடு உறுதி என்று எழுத்தில் வந்த பிறகே எடுங்கள்.

நீலமலர்

நான் பணி ஓய்வு பெற்ற செவிலியர். மேலே இருவரும் சொன்னவை பயன்மிக்கவை. உடல்நலம் தொடர்பாகச் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

முதலில் உயரம். கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் போனால் எந்த வயதினருக்கும் மலை நோய் வரலாம். பெரு நாட்டில் மாச்சு பிச்சு ஏறத்தாழ 2,430 மீட்டரில்தான் இருக்கிறது. அதற்குப் போகும் வழியில் தங்கும் குஸ்கோ நகரமோ ஏறத்தாழ 3,400 மீட்டர். விமானத்தில் நேராகக் குஸ்கோவில் இறக்கி, மறுநாளே நடக்க வைக்கும் திட்டமும் உண்டு. முதலில் தாழ்வான பள்ளத்தாக்கில் இரண்டு இரவு தங்கவைத்து, பிறகு மேலே கொண்டுபோகும் திட்டமும் உண்டு. இரண்டின் விலையும் ஒன்றாக இருக்கலாம், ஆனால் உடலுக்கு இரண்டும் ஒன்றல்ல. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் இத்தகைய இடங்களுக்குப் போகும் முன் மருத்துவரிடம் திட்டத்தையே காட்டிப் பேசிவிட வேண்டும்.

தடுப்பூசியும் அப்படித்தான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடும்போது கடுமையான பக்கவிளைவுகளுக்கான வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். சில நாடுகள் அந்தச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. எனவே ஆப்பிரிக்காவிலோ தென்னமெரிக்காவிலோ உள்ள நாடு என்றால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஊசி போட்டு பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பின் வாழ்நாள் முழுதும் செல்லும்.

காப்பீட்டில்தான் முதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சுற்றுலா நிறுவனம் தரும் காப்பீட்டில் வயது வரம்பு இருக்கிறதா, ஏற்கெனவே உள்ள நோய்களை ஏற்கிறார்களா, அவசரத்தில் வேறு ஊர் மருத்துவமனைக்கோ சொந்த ஊருக்கோ கொண்டுசெல்லும் செலவு அடங்குமா என்று விதிமுறைத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இரத்த அழுத்தம் இருப்பதை மறைக்கவே கூடாது. அதை எழுதினால் கட்டணம் சற்றுக் கூடும் என்பதற்காக எழுதாமல் விட்டு, பின்னர் பக்கவாதத்துக்கான இழப்பீடு முழுவதும் மறுக்கப்பட்ட குடும்பத்தை நான் பணியில் இருந்தபோது கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அந்த மகன் விண்ணப்பத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "இல்லை" என்று குறியிட்டிருந்த கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், உறையோடும் மருத்துவர் சீட்டோடும். ஜப்பான் போன்ற நாடுகளில், பிற இடங்களில் சாதாரணமாக விற்கும் சில சளி மருந்துகளுக்கே தடை உண்டு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்தே பயணம் செய்தால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. விமானத்தில் மட்டுமல்ல, நீண்ட பேருந்துப் பயணத்திலும். அவ்வப்போது எழுந்து நடக்க இடம் தருகிறார்களா என்பதையும் கேளுங்கள்.

விடுதி பற்றி ஒரு சொல்: லிஃப்ட் உண்டா என்று எல்லோரும் கேட்பார்கள், குளியலறையை யாரும் கேட்பதில்லை. உயரமான விளிம்புள்ள குளியல் தொட்டிக்குள் ஈரக்காலோடு ஏறி இறங்குவது, பகல் முழுதும் ஏறிய படிகளைவிட ஆபத்தானது.

வைகறை

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, நீங்கள் சொன்னபடி மூன்று திட்டங்களுக்கும் இரவுகளைத் தாளில் எழுதினேன். 24 பேர் செல்லும் திட்டத்தில் ஒன்பது இரவுகளுக்கு ஏழு விடுதிகள். அதை அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

மற்ற இரண்டு நிறுவனங்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன். பன்னிரண்டு பேர் குழுவை நடத்துபவர்கள், நான் ஒரு நாள் விடுதியில் தங்கினால் என்ன ஏற்பாடு என்ற கேள்விக்கு, "எங்கள் வழிகாட்டிகள் மிகுந்த அனுபவம் உள்ளவர்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பதினாறு பேர் குழுவை நடத்துபவர்கள் நாள்வாரியாக விடை அனுப்பினார்கள். நான்காம் நாளும் ஏழாம் நாளும் கடினமானவை, ஏழாம் நாள் ஏறத்தாழ 300 படிகள், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். வேண்டாதவர்கள் கீழே உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கலாம், பொறுப்பாளர் அங்கே வந்து அழைத்துக்கொள்வார் என்று எழுதியிருந்தார்கள். இதுவரை பதிந்த பதினொருவரில் நால்வர் தனியாக வருகிறார்களாம், மூவர் பெண்கள். முன்பு 12 பேர் குழுதான் எனக்கு ஏற்றது என்று எண்ணியிருந்தேன். இப்போது மனம் இங்கே சாய்ந்துவிட்டது.

அந்தக் கடிதத்தைப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டினேன். மகள் ஏழாம் நாளைப் பற்றிய வரியை வாங்கி இரண்டு முறை படித்தாள். பிறகு, மருத்துவரிடம் நானும் வருகிறேன் அம்மா என்றாள். தனியறைக்கே கொடுக்கப்போகிறேன். ஒரே ஐயம் மீதி இருக்கிறது: விடுதிக்கு ஒரு நாள் முன்பே சென்று சேர்வது நல்லதா?

வழிகாட்டியாக இருந்தவன்

கட்டாயம் ஒரு நாள் முன்பே செல்லுங்கள் அம்மா. விமானம் தாமதமானாலோ பெட்டி வந்து சேராவிட்டாலோ, குழு புறப்படும் முன் அந்த ஒரு நாள் கையில் இருக்கும். அதே விடுதியிலேயே அறை எடுத்துத் தரச் சொல்லுங்கள். விமான நிலையத்திலிருந்து அழைத்துவரும் வண்டி முந்தைய நாளுக்கும் உண்டா, தனிக் கட்டணமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.