கடல் ஓதம் ஏறும் நேரத்தில் ஈர மணலில் படுத்திருந்தேன்

கடற்கரைப் பறவைகளைப் படமெடுப்பது பற்றி என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். முதல் இரண்டு வருடம் நான் செய்தது வெறும் துரத்தல்தான். தூரத்தில் உள்ளான் என்னும் சிறு கரைப்பறவைகளின் கூட்டம் தெரிந்தால் கேமராவோடு நேராக நடப்பேன், அவை எழும்பிக் கொஞ்சம் தள்ளி இறங்கும், நான் மறுபடி நடப்பேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முதுகும் வாலும்தான் இருக்கும். படம் போனதுகூடப் பரவாயில்லை. அந்தப் பறவைகள் வலசைக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்க்கத்தான் அங்கே இரை தேடுகின்றன, ஒவ்வொரு முறை கிளப்பிவிடும்போதும் அந்தச் சேமிப்பைக் கரைக்கிறோம். 2022இல் பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கேயும் இறங்காமல் பறந்ததைப் படித்த அன்றுதான் எனக்கு இது உறைத்தது.

அப்புறம் துரத்துவதை விட்டேன். விடியும்போதே போய், ஈர மணலில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, லென்ஸைத் தரையோடு வைத்துக்கொண்டேன். ஓதம் ஏற ஏற மணல் குறுகும், பறவைகள் தாமாகவே ஒதுங்கி நம் பக்கம் வரும். முக்கால் மணி நேரம் எதுவுமே வரவில்லை, சட்டைக்குள் ஈரம் ஏறிக் கழுத்தும் வலிக்க ஆரம்பித்துவிட்டது. பிறகு வந்தது சாண்டர்லிங் என்ற சிறு உள்ளான்களின் கூட்டம். அலை உள்வாங்கினால் அதன் பின்னாலேயே ஓடும், அவசர அவசரமாக மணலைக் குத்தும், அடுத்த அலைக்கு முன்னால் திரும்ப ஓடிவரும்.

ஷட்டர் வேகம் 1/2000 நொடி வைத்தும் அந்தக் கால்கள் பல படங்களில் கலங்கித்தான் இருந்தன. வெள்ளை வயிறும் நுரையும் வெளுத்துப் போகாமலிருக்க கேமராவில் வெளிச்ச அளவை அரை ஸ்டாப் குறைத்துக்கொண்டேன், அது சரியாக வந்தது.

கூட்டத்தில் ஒன்று மட்டும் பிரிந்து, லென்ஸால் ஃபோகஸ் பிடிக்க முடியாத அளவுக்குக் கிட்டே வந்துவிட்டது. நான் கேமராவை விட்டுவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். அலகு நுனியில் இரண்டு மூன்று மணல் துகள். காலில் பின்விரல் இல்லை. இதன் நெருங்கிய உறவுக்காரர்களுக்கெல்லாம் அது உண்டு, இதற்கு மட்டும் கிடையாது. என் கைக்குப் பக்கத்தில் மூன்று விரல் தடம் வரிசையாக விழுந்தது, அடுத்த நுரை வந்து அழித்துவிட்டது. அந்தப் பறவையின் படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை, வருத்தமும் இல்லை.

வெயில் ஏறி மணல் சூடானால் கானல் எழும்பும், அதற்குமேல் எந்த லென்ஸ் வைத்தாலும் இறகு துல்லியமாக வராது. அதனால் கிளம்ப முடிவு செய்தேன். ஆனால் எழுந்து நிற்கவில்லை, படுத்த வாக்கிலேயே பின்னால் ஊர்ந்து மணல் மேடு வரை வந்துவிட்டுத்தான் எழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது கூட்டம் அதே இடத்தில் அலையோடு ஓடிக்கொண்டிருந்தது.