மறு: நன்னீர்ச் சிங்கி கழற்றிப் போடும் ஓட்டுக்கு என்ன பெயர்?

வணக்கம்.

கடைகளில் ‘ப்ளூ லாப்ஸ்டர்’ என்று விற்கும் கிரேஃபிஷ்ஷை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கான குறிப்புத்தாளில் ஒரு சொல் பாக்கி. விலங்குக்கு ‘நன்னீர்ச் சிங்கி’ என்று முன்பே ஒத்துக்கொண்டோம். ‘ஆற்றிறால்’ நம்மூர் இறாலோடு குழம்பும். இந்திய ஆறுகளுக்கே உரிய கிரேஃபிஷ் இனம் ஏதும் கிடையாது. இப்போது வேண்டியது, வளரும்போது அது கழற்றிப் போடும் முழு மேலோட்டுக்கு ஒரு பெயர். ஆங்கிலத்தில் எக்ஸூவியா என்பார்கள்.

தொட்டியின் அடியில் கிடக்கும் அந்த ஓட்டைப் பார்த்தால் செத்த சிங்கியேதான். கொடுக்கு, கால்கள், மீசை, கண்ணை மூடிய மெல்லிய உறை வரை அப்படியே இருக்கும். வீட்டார் அள்ளிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். உயிருள்ளது மெத்தென்ற உடம்போடு குழாய்த் துண்டுக்குள் ஒளிந்திருக்கும். புது ஓடு கெட்டிப்பட அது தின்ன வேண்டிய கால்சியம் குப்பையோடு போய்விடும்.

என் பரிந்துரை ‘உரிசட்டை’. ‘ஓடு’ என்றால் ஆமை, நத்தையைப் போல ஆயுளுக்கும் கூடவே இருப்பது என்று தோன்றும். ‘கூடு’ என்றால் ஒளிய வைத்த மண்சட்டியை நினைப்பார்கள். ‘தோல்’ சரிப்படாது, கழற்றிய ஓடு அவ்வளவு கெட்டி. பாம்பு சட்டை உரிப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே; வினையை ‘சட்டை உரித்தல்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

பிணமா உரிசட்டையா என்று அறியும் வழியைச் சொல்லுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். உரிசட்டை வெளிச்சம் ஊடுருவும், உள்ளே வெற்று, முதுகோடும் வாலும் சேரும் இடத்தில் வாய் பிளந்திருக்கும். பிணத்தில் சதை இருக்கும், வெளிறிச் சிவக்கும், ஒரே நாளில் நாறும்.

— அஸ்தம்பட்டி, சேலம்

* * *

> பாம்பு சட்டை உரிப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே

ஐயா, என் தயக்கமே அங்குதான். பாம்பு சட்டையை விட்டுவிட்டுப் போய்விடும், திரும்பிப் பார்க்காது. சிங்கி திரும்பி வந்து தின்னும். சொல்லை ஏற்கிறேன்; ஆனால் விளக்கத்தின் முதல் வரி ‘எடுக்காதீர்கள்’ என்று இருக்கட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து மிச்சத்தை மட்டும் எடுத்தால் போதும்.

இன்னொரு சொல்லும் இதோடு சேர்ந்தே முடிவாக வேண்டும். உரிக்கும் முன் சிங்கி பழைய ஓட்டிலிருந்து கொஞ்சம் கால்சியத்தை உறிஞ்சி, இரைப்பைச் சுவரில் இரண்டு வெள்ளைப் பொத்தான்களாகத் திரட்டி வைக்கும். உரித்தபின் அவை இரைப்பைக்குள் விழுந்து கரைந்து புது ஓட்டுக்குப் போகும். காஸ்ட்ரோலித் என்பதை நேராக ‘இரைப்பைக்கல்’ என்று எழுதினால் சிறுநீரகக் கல் போல நோய் என்று பயப்படுவார்கள். முதலையும் பறவையும் விழுங்கி வைக்கும் கற்களுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். இது சிங்கி தானே செய்து சேமிப்பது. வைப்பு நிதியை வைத்து ‘வைப்புக்கல்’ எனலாமா?

வைப்புக்கல் மட்டும் முழு ஓட்டுக்கும் போதாது. மீதி, தீனியிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வர வேண்டும். சார்னோகைட் பாறை மலையான ஏற்காட்டில் ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். மொத்தக் கடினத்தன்மை, அதாவது நீரில் கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. குறைந்தால் ஓடு கெட்டிப்பட நாளாகும். சில பாதி உரித்த நிலையிலேயே கொடுக்கு மாட்டிச் சாகும். பிடித்து இழுத்து உதவக் கூடாது, கால் கையோடு வந்துவிடும். இரை எடுக்காமல் ஒளிய ஆரம்பித்ததும் தொட்டியில் கை விடுவதை நிறுத்திவிட்டு, தண்ணீரில் காற்றுக் குமிழி விடும் காற்றுக் கல்லை ஓடவிடுவதே நாம் செய்யக்கூடியது.

— ஏற்காடு

* * *

அம்மா, ‘வைப்புக்கல்’ அருமை. அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் தாளின் வரைவில் ‘சுண்ணாம்புச் சத்து குறைந்தால் சேர்க்கவும்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை இன்றே அடிக்க வேண்டும். பேச்சு வழக்கில் சரியான சொல்தான், ஆனால் படிப்பவர் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிடுவார். அது கால்சியம் ஹைட்ராக்சைடு. காரத்தன்மை எகிறி, சிங்கி அன்றே போய்விடும். ‘கால்சியம்’ என்றே எழுதுவோம். பொருளையும் பெயர் சொல்லியே எழுதுவோம்: நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, கட்டைவிரல் அளவு ஒரு துண்டு. கழுவி, மூழ்கும்வரை ஊறவைத்துப் போட வேண்டும். கொதிக்க வைத்து உலர்த்திய முட்டை ஓடும் ஆகும்.

‘கடினத்தன்மை’யும் தனியாக நின்றால் ஏமாற்றும். கடைச் சோதனைச் சொட்டுமருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே எண்ணும். சேலத்தில் மாக்னசைட் படிவுள்ள பக்கத்துக் கிணறுகளில் எண் உயர்ந்திருந்தாலும் அதில் பெரும்பங்கு மக்னீசியமாக இருக்கலாம். ஆகவே ‘மொத்தக் கடினத்தன்மை’, ‘கால்சியக் கடினத்தன்மை’ என்று இரண்டு சொல் வேண்டும், சோதிப்பதும் இரண்டு.

செம்புக் குடத்தில் வைத்த தண்ணீர், செம்பு கலந்த மீன் மருந்து இரண்டும் கூடாது என்பதையும் சேர்க்கிறேன். ஓட்டுயிரிகளுக்குச் செம்பு நஞ்சு. வளர்க்க முடியாதவர்கள் ஏற்காடு ஏரியிலோ மூக்கனேரியிலோ விடக் கூடாது என்ற வரி தடித்த எழுத்தில் வரட்டும். பளிங்குச் சிங்கி வகையில் எல்லாமே பெண், ஆண் இல்லாமலே முட்டை பொரிக்கும். ஒன்று தப்பினாலும் போதும்.

தாளுக்கான வாசகம்:

உரிசட்டை: நன்னீர்ச் சிங்கி வளரும்போது கழற்றும் முழு மேலோடு. எடுக்காதீர்கள், சிங்கியே தின்னும். சிங்கி ஒளிந்திருக்கும் இடத்தைக் கிளறாதீர்கள். தொட்டியில் வேறு சிங்கியோ பெரிய மீனோ இருந்தால் உடனே அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

— அஸ்தம்பட்டி, சேலம்