நாளிதழ் கட்டுரை, டிவி விவாதம்: அரசுக் கல்லூரி அரசியல் அறிவியல் ஆசிரியர் எப்படி அணுகுவது?

காவிரிக்கரை (கேள்வி)

வணக்கம். அரசு கலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் உதவிப் பேராசிரியர். தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை. துறையில் நான்கு பேர், அதில் இருவர் கௌரவ விரிவுரையாளர்கள்; எனக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. நாளிதழ் ஒன்று எங்கள் மாவட்டத் தேர்தல் முடிவுகளை அலசி 800 சொற்களில் கட்டுரை கேட்கிறது. செய்தி சேனல் ஒன்று மாலை விவாதத்துக்குக் கூப்பிடுகிறது. முன் அனுமதி வேண்டுமா? பதவி உயர்வுக் கணக்கில் இது சேருமா? எண்களை எங்கிருந்து எடுத்தால் தப்பு வராது?

கோப்பு எண் (பதில்)

அனுமதி பற்றி மட்டும் சொல்கிறேன். அரசுக் கல்லூரி என்பதால் 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களைக் கட்டும். (உதவி பெறும் கல்லூரி ஆசிரியர்களுக்கு 1976-ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம்; இரண்டையும் குழப்பி அறிவுரை சொல்பவர்கள் நிறைய.) இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த எழுத்துக்கு விலக்கு உண்டு என்று துறையில் யாராவது தைரியம் சொல்வார்கள். கூட்டணிக் கணக்கு பேசும் கட்டுரை அந்த விலக்குக்குள் வரும் என்று நம்பி இறங்காதீர்கள். தகுதிகாண் பருவத்தில் ஒரு விளக்கக் குறிப்பாணை வந்தால்கூடப் பணிவரன்முறை இழுபடும்.

விண்ணப்பம் ஒரு பக்கம் போதும். கல்லூரிக் கல்வித் துறைக்கு முகவரியிட்டு, துறைத்தலைவர், முதல்வர் வழியாக அனுப்புங்கள். தலைப்பு, இதழின் பெயர், சன்மானம் உண்டா இல்லையா, வகுப்பு நேரத்துக்கு இடையூறு இல்லை என்ற உறுதி, இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். சன்மானத்தை எழுதாமல் விடுவதுதான் பின்னால் சிக்கலாகும். அலுவலகத்தில் கொடுத்துவிட்டுச் சும்மா வராதீர்கள். தபால் பதிவேட்டு எண்ணையும் தேதியையும் உங்கள் நகலில் குறித்து வாங்குங்கள். கட்டுரையின் அடியில் 'இவை கட்டுரையாளரின் சொந்தக் கருத்துகள்' என்ற வரியைக் கேட்டுப் போடச் செய்யுங்கள்.

படிவம் இருபது (பதில்)

எண்களுக்கு வருவோம். இதழ்களில் வந்த சதவீதத்தை எடுத்தாளாதீர்கள். தொகுதிவாரியாகப் படிவம் 20 இருக்கிறது, தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் பெற்றது, நோட்டா, மொத்தம் எல்லாம் அதில் உண்டு. பல கோப்புகள் ஸ்கேன் செய்த படங்கள்தான், நகல் எடுத்து ஒட்ட முடியாது. ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டச்சு செய்யுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கூட்டி, கடைசிப் பக்கத்து மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். தபால் வாக்குகள் இறுதியில் தனி வரியாக இருக்கும். கூட்டல் உதைத்தால் முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

அடிக்கடி நடக்கும் பிழை, சாவடிகளின் சதவீதங்களைச் சராசரி எடுப்பது. ஒரு சாவடியில் 1,100 வாக்குகளில் 60 சதவீதம், அடுத்ததில் 300 வாக்குகளில் 40 சதவீதம் என்று வையுங்கள். சராசரி 50 என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் 660-ம் 120-ம் சேர்ந்து 1,400-க்கு 780, அதாவது 55.7 சதவீதம். வாக்குகளைக் கூட்டிய பிறகுதான் சதவீதம் போட வேண்டும்.

பழைய தேர்தலோடு ஒப்பிடும்போது இன்னும் கவனம். 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகான எல்லைகளில் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தல் 2011-இல். 2006-ஐயும் 2011-ஐயும் ஒரே தொகுதிப் பெயரை வைத்து ஒப்பிட்டால் வேறு வேறு ஊர்களை ஒப்பிடுகிறீர்கள். சாவடி எண்ணும் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். சாவடி அமைந்த பள்ளியின் பெயரையும் அதற்குள் வரும் தெருக்களையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும்.

விவாதத்தில் கருத்துக்கணிப்பைக் காட்டி 'யார் வருவார்?' என்று நிச்சயம் கேட்பார்கள். ஆயிரம் பேரின் கணிப்பில், மாதிரி சரியாகவே எடுக்கப்பட்டிருந்தாலும், சுமார் 3 சதவீதம் மேலும் கீழும் போகலாம். 2016-இல் அதிமுகவுக்கும் திமுக கூட்டணிக்கும் இடையே வாக்கில் ஏறத்தாழ ஒரு சதவீத இடைவெளிதான். முடிவு வந்த அன்று இடங்கள் 134-ம் 98-ம். ஆயிரம் பேரை 234 தொகுதிகளுக்குப் பங்கிட்டால் தொகுதிக்கு நான்கு பேருக்குச் சற்று மேல்தான் வரும். இதை அரை நிமிடத்தில் சொல்லப் பழகிக்கொண்டு போங்கள். அரசியல் அறிவியல் படித்தவர் அந்த மேசையில் இருப்பதற்கு அர்த்தமே இதுதான். இடங்களை ஊகித்துச் சொல்ல அங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஊராட்சி வாசல் (பதில்)

பதவி உயர்வு பற்றிக் கேட்டீர்கள். யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ஒழுங்குமுறையின் ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் நாளிதழ் கட்டுரைக்கும் டிவி விவாதத்துக்கும் இடமே இல்லை. நம் துறைகளுக்கு ஆய்விதழ்க் கட்டுரைக்கு 10, தொகுப்பு நூலில் ஓர் இயலுக்கு 5. பலரும் கவனிக்காத வரி ஒன்று உண்டு: அரசுக்கு அளிக்கும் கொள்கை ஆவணம். மாநில அளவில் 4, தேசிய அளவில் 7. மேலே 'படிவம் இருபது' என்ற பெயரில் எழுதியவர் சொன்ன உழைப்பை நாளிதழோடு நிறுத்தாமல் ஆய்விதழ்க் கட்டுரையாகவும் வளர்த்தால் இரண்டு பக்கமும் பயன். வருடாந்திர மதிப்பீட்டில் கற்பித்தலுக்கு 'நன்று' கிடைக்க ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதமாவது எடுத்திருக்க வேண்டும். மாலை விவாதத்துக்காகப் பிற்பகல் வகுப்பை மாற்றிவிட்டுக் கௌரவ விரிவுரையாளர் தலையில் கட்டாதீர்கள். துறையில் கசப்பு ஆரம்பிப்பது அங்கேதான்.

என் கருத்தில் ஸ்டூடியோவைவிடக் கிராம சபை பெரிய பொதுப்பணி. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. ஊராட்சிக்கு மூன்று மாணவர்கள் போதும். ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒருவர் வருகையை எண்ணட்டும்: 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை என்றால் குறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகை) 100, அதற்கு மேல் 10,000 வரை 200. ஒருவர் யார் எதைக் கேட்டார்கள், பெண்கள் எத்தனை பேர் பேசினார்கள் என்று குறிக்கட்டும். மூன்றாமவர் தீர்மானங்களை எழுதிக்கொள்ளட்டும். வருகைப் பதிவேட்டின் கையெழுத்து எண்ணிக்கைக்கும் உட்கார்ந்திருந்த தலைகளுக்கும் வித்தியாசம் வரும் இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது. மாணவர்கள் அங்கே கேள்வி கேட்கவோ யார் பக்கமும் பேசவோ கூடாது என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை

மிக்க நன்றி. ஒன்று விட்டுப்போயிற்று. தேர்தல் பணி ஆணை வந்தபின் விவாதத்துக்குப் போகலாமா?

கோப்பு எண்

வேண்டாம் சார். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக நியமித்துவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 28ஏ பிரிவின்படி நீங்கள் தேர்தல் ஆணையத்தின் அயற்பணியில் இருப்பவர். 129-ஆம் பிரிவின்படி ஒரு வேட்பாளருக்குச் சாதகமாக எதுவும் செய்யக் கூடாது, ஆறு மாதம் வரை சிறை உண்டு. நீங்கள் நடுநிலையாகப் பேசினாலும் பத்து வினாடித் துண்டு வாட்ஸ்அப்பில் சுற்றும். பணியில் இல்லாதவர்களுக்கும்: வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் டிவியில் தேர்தல் விஷயம் ஒளிபரப்ப 126-ஆம் பிரிவு தடை. வாக்களித்துவிட்டு வருபவர்களிடம் எடுக்கும் கணிப்புக்கு (எக்ஸிட் போல்) 126ஏ பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறை. முன்கூட்டியே பதிவு செய்த பேட்டியை எந்த நாள் ஒளிபரப்புவார்கள் என்று சேனலிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.