மூன்றாம் வகுப்புக்குக் ‘கண்டுபிடிப்பு’ பாடம்: பேர் ஒப்பிக்காமல் எப்படி நடத்துவது?

மூணாப்பு டீச்சர்:
வணக்கம். அரசு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். “பல்பைக் கண்டுபிடித்தது யார்?” என்றால் “எடிசன்!” என்று கூரை அதிரக் கத்துகிறார்கள். அவர் ஏன் அவ்வளவு மெனக்கெட்டார் என்று கேட்டால் சத்தமே இல்லை. யோசித்து, வரைந்து, செய்து பார்த்து, சரிவராததைத் திருத்துவது என்ற வேலையைப் பிள்ளைகள் தாங்களே செய்து பழக வேண்டும் என்பது என் ஆசை. கடையில் விற்கும் அறிவியல் கிட் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

பொருநைக்கரை:
ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் டீச்சர், யாருக்கு என்ன கஷ்டம் என்பதில் தொடங்குங்கள். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் மேடான புள்ளி எழுத்தை உருவாக்கினாரே லூயி பிரெயில், நான் எப்போதும் அவரில்தான் ஆரம்பிப்பேன். அந்தக் கதையைப் பிள்ளைகள் விரலாலேயே சோதித்துப் பார்க்கலாம்.

மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் குத்தும் ஊசி கண்ணில் பட்டு, பிறகு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் படித்தபோது, சார்லஸ் பார்பியே என்பவர் உருவாக்கிய புள்ளி எழுத்து அங்கே வந்தது. ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளி வரை போகும். பிரெயில் அதை ஆறாகக் குறைத்தார், 1824-இல், 15 வயதில்.

பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்த துண்டின் மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் பின்பக்கமிருந்து அழுத்துங்கள். புள்ளிக்குப் புள்ளி இரண்டரை மில்லிமீட்டர் போதும். ஓர் அட்டையில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு. இன்னொன்றில் வரிசைக்கு மூன்று. கண்ணை மூடித் தடவச் சொல்லுங்கள். முதல் அட்டையில் விரல் மேலும் கீழும் தேடும். இரண்டாவது ஒரே தொடுகையில் அடங்கிவிடும். “முதல்லயே ஆறு வச்சிருக்கலாமே?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பார்பியே கண் தெரிந்தவர். தினமும் தடவிப் படிக்கப்போகும் விரல் அவருடையது இல்லை. நாம் இன்று தமிழை எழுதும் பிரெயிலும் அதே ஆறு புள்ளிதான் என்றும் சொல்லுங்கள்.

சாக்பீஸ் தூசி:
அம்மா சொன்னது அருமை. கதை முடிந்ததும் கைவேலை கொடுங்கள். என் வகுப்பில் கொடுத்த வேலை இது: விரலால் பிடிக்க முடியாத குட்டிச் சாக்பீஸ் துண்டை வைத்து எப்படி எழுதுவது? வரைந்து காட்டிய பிறகுதான் பொருளைத் தொடலாம். ஒருத்தி பப்பாளிக் காம்பை நறுக்கி அதற்குள் சாக்பீஸைச் செருகினாள். அன்றைக்கு நன்றாக எழுதியது, மறுநாள் காம்பு சுருங்கி வெடித்துவிட்டது. இன்னொருவனின் காகிதக் குழல் அழுத்தியதும் சாக்பீஸை உள்ளே விழுங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. அவனே குழலின் நடுவில் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றி, கரும்பலகையில் ‘அம்மா’ என்று எழுதிக் காட்டினான். இரண்டாவது முறை செய்யவும் பாடவேளையில் நேரம் ஒதுக்குங்கள் டீச்சர், அதுதான் முக்கியம். ஒரே பீரியடில் முடித்தால் அது வெறும் கைவினை வகுப்பு. பழைய படத்தை அழிக்க விடாதீர்கள், பக்கத்திலேயே புதுப் படம் வரையட்டும்.

ரெண்டு வாண்டுகளின் அப்பா:
நல்ல யோசனை சார். ஒன்றே ஒன்று: ‘சிறந்த கண்டுபிடிப்பு’ என்று பரிசு வைத்துவிடாதீர்கள். என் பெரியவள் பள்ளியில் அப்படி வைத்ததும் பாதி வீடுகளில் பெற்றோர்தான் செய்து அனுப்பினார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொரு கதை: பேண்ட்-எய்ட். சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொண்ட மனைவிக்காக ஏர்ல் டிக்சன் 1920-இல் யோசித்தது. முதலில் விற்பனைக்கு வந்தது நீளப் பட்டை, வேண்டிய அளவு நாமே கத்தரித்துக்கொள்ள வேண்டும். ஒற்றைக் கையால் எப்படிக் கத்தரிப்பது என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளே அடுத்ததைச் சொல்லிவிடுவார்கள்.

மூணாப்பு டீச்சர்:
மூவருக்கும் நன்றி. கல்யாணப் பத்திரிகை வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கிறது, திங்கட்கிழமை பிரெயில் அட்டையில் தொடங்குகிறேன். ஒரு சந்தேகம்: வரையவே தயங்கும் பிள்ளைகளை என்ன செய்வது?

சாக்பீஸ் தூசி:
களிமண் கொடுங்கள். பிசைந்து காட்டட்டும், அதுவும் வரைபடம்தான்.