தஞ்சாவூரில் ஒன்றரை நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பெங்களூர் மருமகள்:

வணக்கம். அரையாண்டு விடுமுறைக்குத் தஞ்சாவூர் வருகிறோம். நான், கணவர், ஏழாவது படிக்கும் மகள், மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார், படி ஏறுவது கஷ்டம். வெள்ளி மதியம் ரயிலில் வந்து இறங்குகிறோம், ஞாயிறு விடிந்ததும் கிளம்ப வேண்டும்.

டிராவல்ஸ்காரர் ஒருவர் சனிக்கிழமைக்கு மட்டும் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்: பெரிய கோயில், அரண்மனை, தாராசுரம், சுவாமிமலை, கங்கைகொண்ட சோழபுரம், கூடவே மூன்று நவக்கிரகத் தலங்கள். படிக்கும்போதே கால் வலிக்கிறது. உள்ளூர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள், இதில் எதை வைத்துக்கொள்வது?

இன்னொன்று: கோபுர நிழல் தரையில் விழாது என்று மகள் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள்.

மேலவீதிக்காரன்:

முதலில் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். அதன்படி போனால் கார் சீட்டைத்தான் நன்றாகப் பார்த்திருப்பீர்கள்.

நான் சொல்வது இதுதான்: பெரிய கோயிலுக்கு இரண்டு முறை போங்கள். வெள்ளி சாயங்காலம் ஒரு தடவை, சனி காலை ஒரு தடவை. மதியத்தில் நடை சாத்தியிருக்கும், கல்தரையும் கொதிக்கும். நாலு மணிக்கு மேல் போனால் நன்றாக இருக்கும்.

கோயில் கிழக்குப் பார்த்தது. அதனால் சாயங்கால வெயில் விமானத்தின் (கருவறை மேல் இருக்கும் பெரிய கோபுரம்) பின்பக்கம், மேற்கே விழும். எல்லாரும் நந்திக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் சுற்றிக்கொண்டு பின்னால் போங்கள், கல் பொன்னிறமாக இருக்கும், கூட்டமும் குறைவு. முன்பக்கப் படம் காலையில் எடுத்துக்கொள்ளலாம்.

நிழல் விஷயம்: விழும். நன்றாகவே விழும். கிட்டத்தட்ட 216 அடி உயரக் கட்டடத்தின் நிழல் வேறு எங்கே போகும்? டிசம்பரில் சூரியன் தென்மேற்கே சாய்வதால் நிழல் வடகிழக்குப் பக்கம் நீளமாகக் கிடக்கும். மகளை அதன் மேலேயே நிற்க வைத்துப் படம் எடுங்கள். இந்தக் கதையை யார் கிளப்பினார்கள் என்று தெரியவில்லை, சில கைடுகள் இன்னும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

உள்ளே போகும்போது அவசரப்படாதீர்கள். மராத்தியர் வாயிலைத் தாண்டினால் கேரளாந்தகன் திருவாயில், அடுத்தது இராசராசன் திருவாயில். இரண்டாவதில் இருக்கும் பெரிய வாயிற்காவலர் சிலைகளிடம் மகளை நிறுத்தி, யானை எங்கே என்று தேடச் சொல்லுங்கள். ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பாம்பு காவலருக்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரியும். அப்படியானால் காவலர் எவ்வளவு பெரியவர், உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரியவர்? சிற்பி ஒரு வார்த்தை எழுதாமல் கணக்குப் போட வைக்கிறான். வாயிலின் அடிப்பகுதியில் மார்க்கண்டேயன், கண்ணப்பர் கதைகள் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கும், அதையும் காட்டுங்கள்.

பெரிய நந்தி ராஜராஜன் காலத்தது இல்லை, நாயக்கர் காலம். முருகன் சன்னதியும் அப்படியே. ஆனால் அந்தச் சன்னதியின் கல்வேலையை அருகில் போய்ப் பாருங்கள், நகைக்கடைக்காரன் செய்தது மாதிரி இருக்கும். அம்மன் சன்னதி பாண்டியர் காலம். திருச்சுற்றின் தென்மேற்கில் மராத்தி மொழியில் நீளமாக ஒரு கல்வெட்டு: 1803இல் சரபோஜி மன்னர் தம் போன்ஸ்லே வம்ச வரலாற்றை வெட்டி வைத்தது. வந்தவர்கள் எல்லாரும் எதையாவது சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரே ராஜாவின் கோயிலாக மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்தது.

ஆனால் எனக்குப் பிடித்தது கல்வெட்டுகள்தான். விமானத்தின் அடித்தளம் முழுக்க எழுத்து. 1010இல் கோயில் முடிந்தபோது தான் கொடுத்தது, அக்கன் குந்தவை கொடுத்தது, தன் தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார் ராஜராஜன். தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், 400 பேரின் பெயர், அவர்கள் வந்த ஊர், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், எல்லாம் இந்தக் கோயிலின் கல்வெட்டில் இருக்கிறது. தையற்காரர், நாவிதர், விளக்கேற்றுபவர் வரை கணக்கு. தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு க, ட, ப, ம எல்லாம் கொஞ்சம் முயன்றால் பிடிபடும். பத்து நிமிடம் உட்கார வையுங்கள்.

மாமியாருக்கு முற்றம் கவலையில்லை, விசாலமான சமதரை. கருவறை மண்டபத்துக்கு ஏறும் படிகள்தான் உயரம். யாராவது கைபிடித்தால்தான் முடியும். வெறுங்காலுக்குக் கல் உறுத்தும், காலுறை எடுத்து வரச் சொல்லுங்கள்.

கருவறையைச் சுற்றியுள்ள சோழர் ஓவியங்களைப் பொதுவாகப் பார்க்க விடமாட்டார்கள். நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்தவை 1931இல்தான் வெளியே தெரிந்தன. திருச்சுற்றில் உள்ள விளக்க மையத்தில் படங்கள் வைத்திருக்கிறார்கள். அதோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

சனி காலை கோயிலிலிருந்து நேராக அரண்மனை. அங்கே மணிக்கோபுரம், படிகள் எல்லாம் விட்டுவிட்டுக் கலைக்கூடத்துக்குப் போங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் (காளையை வாகனமாகக் கொண்ட சிவன்) செப்புத் திருமேனி, 1011ஆம் ஆண்டு. ஒரு காலை லேசாக மடித்து, வலது கையை எதன் மேலோ சாய்த்து நிற்பார். அவர் சாய்ந்திருந்த காளை இப்போது இல்லை. ஆனால் முழங்கை இறங்கும் விதத்திலேயே காளையின் உயரம் தெரிந்துவிடும். தலையில் பாம்புகளையே தலைப்பாகையாகச் சுற்றியிருப்பார். பின்பக்கமும் போய்ப் பாருங்கள், முன்பக்கத்துக்குக் குறையாத வேலை. இந்த ஒரு சிலைக்காக ரயிலேறி வரலாம்.

அதே வளாகத்தில் சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம். சரபோஜி மன்னர் கண் நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைய வைத்து மருத்துவக் குறிப்பு வைத்திருந்தார், அவை பிரசித்தம். மகளுக்குத் திமிங்கல எலும்புக்கூடும் அங்கேதான் இருக்கிறது; தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது.

உங்கள் கணவருக்கு இயந்திர ஆர்வம் இருந்தால் கீழவாசல் பீரங்கி மேடு. ரகுநாத நாயக்கர் காலத்துப் பீரங்கி. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையம் வளையமாக மாட்டி அடித்துச் சேர்த்தது. வார்த்து எடுத்தது இல்லை. அங்கே யாரும் போவதில்லை, அது வேறு கதை.

கும்பகோணத்துப் பொண்ணு:

அண்ணா சொன்னதற்கு மேல் ஒன்று சேர்க்கிறேன். சனி மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தாராசுரம் மட்டும் வாருங்கள். பாபநாசம் வழியாகக் கும்பகோணத்துக்கு முன்பே வந்துவிடும், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் ராஜராஜன் கட்டியது. பெரிய கோயிலில் அண்ணாந்து பார்த்த கழுத்துக்கு இங்கே ஓய்வு, ஏனென்றால் இங்கே குனிந்து பார்க்க வேண்டும். நாயன்மார் கதைகள் சுவரின் அடியில் சாண் உயரத்துக்கு வரிசையாக, பெயரோடு. அப்புறம் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம். உங்கள் மகள் ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துப் பார்க்கட்டும்.

சுவாமிமலை கோயிலுக்கு 60 படி. மாமியாரைப் படுத்தாதீர்கள். ஆனால் அந்த ஊரில் சிலை வார்க்கும் பட்டறைகள் தரைத்தளத்தில்தான். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். காலையில் பார்த்த ரிஷபவாகனர் இப்படித்தான் பிறந்தார் என்று மகளுக்குப் புரியும். கேட்டுவிட்டு உள்ளே போங்கள், பொதுவாக முகம் சுளிக்க மாட்டார்கள். கங்கைகொண்ட சோழபுரம் இந்தத் தடவை வேண்டாம்.

திருவையாறு வாத்தியார்:

நவக்கிரகத்தை எல்லாரும் ஒரேயடியாகத் தள்ளிவிட்டீர்கள். மாமியாரை யாராவது கேட்டீர்களா? அவருக்கு ஆசை இருந்தால் திங்களூர் ஒன்று போதும். சந்திரன் தலம், சின்னக் கோயில், திருவையாற்றுக்குப் பக்கம். அப்பர் மேல் இருந்த பக்தியில் பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரையே வைத்த அப்பூதியடிகளின் ஊர் அது. திரும்பும்போது திருவையாற்றில் அசோகா அல்வா வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் வரும் நாளில் பிரதோஷம் இருக்கிறதா என்று காலண்டரைப் பாருங்கள். இருந்தால் அன்று சாயங்காலம் பெரிய நந்திக்கு அபிஷேகம், நிற்க இடமிருக்காது. பக்திக்கு நல்லது, முழங்காலுக்கு இல்லை.

பெங்களூர் மருமகள்:

மூவருக்கும் மிக்க நன்றி. மாமியாரிடம் கேட்டேன், திங்களூர் வேண்டும் என்றார்! ஆக தாராசுரமா திங்களூரா என்று வீட்டில் பஞ்சாயத்து நடக்கிறது. தஞ்சாவூர் ஓவியம் ஒன்று வாங்க ஆசை, ஏமாறாமல் எப்படி வாங்குவது?

மேலவீதிக்காரன்:

பஞ்சாயத்து எதற்கு? காரை எடுத்துக்கொண்டு திருவையாறு வழியாகப் போங்கள். திங்களூரில் சுவாமியைக் கும்பிட்டுவிட்டு அப்படியே கும்பகோணம் பக்கம் இறங்கினால் தாராசுரம். பகல் சீக்கிரம் முடியும் மாதம், மதியச் சாப்பாட்டை மட்டும் இழுக்காதீர்கள்.

ஓவியத்தில் விலையைத் தீர்மானிப்பது தங்கத்தாள். அசல் தங்கத்தாள் கறுக்காது. போலித் தாள் காலம் போகப் போக மங்கும். எது ஒட்டியது என்று நேராகக் கேளுங்கள், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடை. மகளுக்குத் தலையாட்டி பொம்மை வாங்கினால் தலை, உடம்பு, பாவாடை என்று தனித்தனியாகக் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள், ரயிலில் உடையாமல் போய்ச் சேரும்.